உறைவிடப் பள்ளி ரீயூனியனுக்குப் போகலாமா?

கேள்வி: மலைமேல் உள்ள ஒரு சர்வதேச உறைவிடப் பள்ளியில் படித்தேன். 25-ஆம் ஆண்டு ரீயூனியனுக்கு அழைப்பு வந்திருக்கிறது. இத்தனை வருஷமாக யாரோடும் பெரிய தொடர்பில்லை. இதற்கெல்லாம் போகலாமா? அங்கே என்னதான் நடக்கும்?

முதலில் அழைப்பை எடுத்து, எத்தனை ராத்திரி தங்கல் என்று பாருங்கள். ஏதோ ஒரு ஹோட்டலில் சாயங்காலம் ஏழு மணிக்கு ஆரம்பித்து, பதினொரு மணிக்குக் கேக் வெட்டிக் கலைகிற விருந்து என்றால், போகாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. எல்லோரும் ஒரே இடத்தில் இரண்டு மூன்று ராத்திரி தங்குகிறார்கள் என்றால், தொடர்பில்லை என்பதற்காக மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எங்கள் செட்டின் 25-ஆம் ஆண்டுக் கூடல் காரைக்குடிக்குப் பக்கத்தில், எங்கள் பெரிய வீட்டில் நடந்தது. ஏற்பாடு செய்தவர்களில் நானும் ஒருவன். ஆட்களைப் பற்றிப் பேசப்போவதால் பள்ளியின் பெயரைச் சொல்லவில்லை. மலைமேல் இருக்கிறது, அது போதும்.

கொஞ்சம் பழைய கதையும் வேண்டும். நம் பக்கத்து ஊர்ப் பள்ளிகளில் பழைய மாணவர் சந்திப்பு பெருகியது வாட்ஸாப் வந்த பிறகுதான். மலைப் பள்ளிகளில் அது முந்தைய தலைமுறையிலிருந்தே உண்டு. கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி 1901-இல் ஹைகிளர்க் என்ற பெயரில் ஆரம்பித்தபோது, அது மிஷனரிகளின் பிள்ளைகளுக்கான பள்ளி. 1970-களில்தான் பெயரும் சேர்க்கையும் சர்வதேசமாயின. 1976-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரேட்) பாடத்திட்டத்தைக் கொண்டுவந்ததும் அந்தப் பள்ளிதான். முசோரியில் உள்ள வுட்ஸ்டாக் இன்னும் பழையது, 1854. இந்தப் பள்ளிகளில் அமெரிக்கப் பழக்கவழக்கம் ஊறிப்போயிருந்தது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கூடுவது, 25-ஐயும் 50-ஐயும் பெரிதாகக் கொண்டாடுவது எல்லாம் அப்படி வந்தவை.

ஆனால் வழக்கம் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் வேறு. பெற்றோர் வேலை பார்த்தது மதுரையிலோ வேலூரிலோ. பாஸ்போர்ட்டில் இருந்தது அமெரிக்கா. பிள்ளை வளர்ந்தது மலையில். பெற்றோர் ஓய்வு பெற்றுத் திரும்பியதும் அந்தப் பிள்ளைக்கு இந்தியாவில் போய் இறங்க ஒரு வீடு கிடையாது. உள்ளூர்ப் பள்ளியில் படித்தவர்கள் கூட்டமே போடாவிட்டாலும் பஸ் ஸ்டாண்டிலோ யாராவது வீட்டுக் கல்யாணத்திலோ ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் செட் ஆட்கள் அப்படித் தற்செயலாகப் பார்த்துக்கொள்ள வழியே இல்லை. தேதி குறித்தால்தான் உண்டு.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் என்று கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போனவர்களின் ஊர் இது. வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிற வீடுகள்தான் தெருவெல்லாம். ஆனாலும் தைப்பொங்கல் கழிந்த முதல் செவ்வாய்க்கிழமை நாட்டரசன்கோட்டைக்குப் போய்ப் பாருங்கள். கண்ணாத்தாள் கோயில் முன்னால் வரிசையாகப் பானை வைத்துப் பொங்க, எங்கெங்கோ இருக்கிற நகரத்தார் குடும்பங்கள் வந்து நிற்கும். முதல் பானை யாருடையது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பார்கள். ரீயூனியனும் கிட்டத்தட்ட இந்தச் செவ்வாய்ப் பொங்கல் மாதிரிதான். தேதி நிலையாக இருக்கும், ஆட்கள்தான் வந்து சேர வேண்டும்.

சரி, நடைமுறைக்கு வருவோம். முதல் தலைவலி, யார் யார் நம் செட் என்பது. சர்வதேசப் பள்ளியில் அப்பாவுக்கு மாற்றல் வந்தால் பிள்ளை பாதி வருஷத்தில் கிளம்பிவிடும். ஆறாம் வகுப்பில் வந்து எட்டில் நைரோபிக்குப் போனவள், பதினொன்றில் வந்து சேர்ந்தவன், ஒரே ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போன ஆசிரியர் பிள்ளைகள் என்று பட்டியல் இழுத்துக்கொண்டே போகும். செட்டின் பெயர் படிப்பு முடித்த வருஷத்தை வைத்துத்தான். ஆனால் இடையில் போனவர்களையும் அந்த வருஷத்தோடு சேர்த்துக்கொள்வதுதான் வழக்கம், அதுதான் சரியும்கூட. எங்கள் கூடலுக்கு ரொம்ப ஆசையோடு வந்தவர்கள் அவர்கள்தான். கடைசிவரை இருந்தவர்களுக்குப் பிரிவு விழா, கட்டிப்பிடித்து அழுகை எல்லாம் நடந்துவிட்டது. இவர்கள் லீவுக்கு ஊருக்குப் போனதோடு சரி. அப்படிப் போன ஒருத்தி வந்து இறங்கியதும் பழைய ரூம்மேட்டிடம் கேட்ட முதல் கேள்வி: "என் ட்ரங்குப் பெட்டி என்னடி ஆச்சு?" பூட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், திரும்பி வரவே இல்லை. அதை ஹாஸ்டல் ஆயா எடுத்து வைத்தார், அப்புறம் மழையில் நனைந்தது என்று ஒருத்தியும், இல்லை, உள்ளே இருந்த ஸ்வெட்டரை நான்தான் போட்டுக்கொண்டேன் என்று இன்னொருத்தியும் சொல்ல, ராத்திரிச் சாப்பாடுவரை அந்த வழக்கு ஓடியது.

முதல் நாள் சாயங்காலம் பார்க்கச் சகிக்காது, தயாராகப் போங்கள். 25-ஆம் ஆண்டு என்றால் எல்லோருக்கும் நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு வயது. பதவியும் சம்பளமும் உச்சத்தில் இருக்கிற வயது, விவாகரத்தும் கடனும் இருக்கிற வயதும் அதுதான். கையைக் குலுக்கி, எந்த ஊர், எந்த கம்பெனி, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பதற்குமேல் பேச்சு நகராது. 10-ஆம் ஆண்டில் இது இன்னும் மோசம், ஆளாளுக்குப் படம் காட்டுவார்கள். 50-ஆம் ஆண்டில் இந்தத் தொல்லையே இல்லை என்று மூத்த செட்டுக்காரர்கள் சொல்வார்கள். ஒரு ராத்திரி விருந்தை நான் வேண்டாம் என்பதும் இதனால்தான். முதல் நாளோடு முடிந்துபோனால் விசிட்டிங் கார்டு மட்டும்தான் மிஞ்சும்.

இரண்டாம் நாள் காலையில் எல்லாம் மாறிவிடும். எங்களுக்கு மாறியது குளியலறை வாசலில். பக்கத்து ஹோட்டலில் அறைகள் எடுத்திருந்தோம். ஆனால் பேச்சு நீண்டு, பாதிப் பேர் வளவுப் பத்தியிலேயே, அதாவது உள்முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்திலேயே, பாயை விரித்துப் படுத்துவிட்டார்கள். பெரிய வீடு என்று பேர்தானே தவிர, நூறு வருஷத்து வீட்டில் குளியலறை எத்தனை இருக்கும்? விடியும் முன்பே எழுந்து வெந்நீரை முழுக்கத் தீர்த்துவிட்டு வருகிற ஒருவன் ஹாஸ்டலில் இருந்தான். இப்போது அவன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சர்ஜன். அன்றைக்கும் அதையே செய்தான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற வரிசை முழுக்க அவனைப் பழைய பட்டப்பெயர் சொல்லித் திட்டியது. அதற்கப்புறம் யாரும் யாரையும் எந்தக் கம்பெனி என்று கேட்கவில்லை.

வகுப்பறையைப் பகிர்ந்துகொண்டவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். உறைவிடப் பள்ளியில் பகிர்ந்துகொண்டது குளியலறை வரிசையும் காய்ச்சல் ராத்திரியும் வீட்டிலிருந்து வந்த தேன்குழல் டப்பாவும்தான். அதை ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசித் திரும்பக் கொண்டுவர முடியாது. கூட இருந்தால் தானாக வரும். சமையலுக்கு வந்திருந்த அக்கா பந்தியில் கவனித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார், "இவுகள்லாம் உங்களுக்கு என்ன முறை வேணும் தம்பி?" கூடப் படித்தவர்கள் என்றேன். "கூடப் படிச்சவுகளா? ஒருத்தர் இலையில ஒருத்தர் கையவிட்டுப் பணியாரத்தை எடுக்குறாகளே" என்றார். அவர் பார்வை எங்கள் செட்டின் நார்வேக்காரன் ஒருவன் மேல்தான் இருந்தது.

இன்னொன்று, நான் எதிர்பார்க்காதது. எங்கள் பக்கத்தில் பாத்திரங்களில் வீட்டு விலாசத்து, அதாவது குடும்பப் பெயர்களின், முதலெழுத்துகளை வெட்டி வைப்பார்கள். விசேஷத்துக்கு இரவல் போய்க் கலந்துவிட்டாலும் பிரித்துக்கொள்ளலாம். பரணிலிருந்து இறக்கிய பித்தளைத் தூக்கு ஒன்றைத் திருப்பிப் பார்த்த ஒருத்தி, அடியில் இருந்த எழுத்தைக் காட்டி, "இது உங்கள் லாண்டரி நம்பரா?" என்றாள். ஹாஸ்டலில் ஆளுக்கொரு எண் உண்டு, சட்டை, சாக்ஸ், தலையணை உறை எல்லாவற்றிலும் தைத்திருக்கும். உடனே ஆளாளுக்கு எண்ணைச் சொல்ல ஆரம்பித்தார்கள். முகம் மறந்துபோன ஒருவனை மூன்று பேர் அவன் எண்ணைக் கேட்டதும் கண்டுபிடித்துவிட்டார்கள். "என் சாக்ஸ் எல்லாம் உன்கிட்டதானேடா வரும்!"

பணம் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. இந்த மாதிரிப் பள்ளிகளில் ஒருவர் லண்டனில் வங்கியில் இருப்பார், இன்னொருவர் மலைக் கிராமத்தில் ஆரம்பப் பள்ளி நடத்துவார். டாலரில் கணக்குப் போட்டால் பாதிப் பேர் வேறு காரணம் சொல்லி ஒதுங்கிவிடுவார்கள். நாங்கள் எங்கள் ஊர்க் கோயில் முறையையே எடுத்துக்கொண்டோம். கல்யாணமான குடும்பம் ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு. தனியாக வருபவர் பாதி கொடுத்தால் போதும். வசதி உள்ளவர்கள் கூடுதல் புள்ளி எழுதிக்கொள்ளலாம். யார் எத்தனை எழுதினார்கள் என்பது கணக்கு வைத்திருந்த ஒருவருக்கு மட்டும் தெரியும். பள்ளிக்கு அன்பளிப்பு என்றும் ஒரு பேச்சு வரும், 25-ஆம் ஆண்டு செட் ஏதாவது கொடுப்பது அமெரிக்க வழக்கம். அதில் சண்டை நடக்கும். கட்டடத்துக்கா, மெஸ் ஊழியர் பிள்ளைகளின் படிப்புக்கா என்று எங்களுக்கும் நடந்தது. கூடலுக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்துவிடுங்கள்.

கணவன், மனைவி, பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள், பாவம். நாங்கள் ஒரு வேன் வைத்து அனுப்பிவிட்டோம். கானாடுகாத்தான் வீடுகள், பிள்ளையார்பட்டி, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள். பிள்ளைகளுக்குப் பிடித்தது ஆத்தங்குடியில் தரை ஓடு செய்கிற இடம்தான். கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணச் சாந்தை ஊற்றி, அச்சைத் தூக்கியதும் பூ நிற்கிறதைப் பார்த்துவிட்டு நகர மாட்டேன் என்றார்கள்.

இறந்துபோனவர்களுக்குப் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். பெயரை வாசித்து, ஆளுக்கொரு சம்பவம் சொன்னால் போதும், புரோகிதரும் வேண்டாம், பாதிரியாரும் வேண்டாம்.

வராதவர்கள் விஷயம் கொஞ்சம் நுட்பமானது. ஒருவன் எங்களுக்கு நேராகவே எழுதினான்: அந்த ஹாஸ்டலில் சீனியர்களிடம் பட்டதை நான் மறக்கவில்லை, எனக்குப் போட்டோகூட அனுப்பாதீர்கள். குழுவில் சிலர், போன் போட்டுச் சமாதானப்படுத்துவோம் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன், இப்போதும் அதையே சொல்வேன். அவனை வரச்சொல்வது நமக்காகத்தானே தவிர அவனுக்காக இல்லை. நீங்களும் அந்த மாதிரி ஒரு காரணத்துக்காகத் தயங்குகிறீர்கள் என்றால், மேலே சொன்னது எதுவும் உங்களுக்கு இல்லை. போகாமல் இருங்கள், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வெறும் கூச்சம்தான் என்றால் போங்கள். நான் பேசிப் பார்த்த அத்தனை பேரும் தன்னை யாருக்கும் ஞாபகம் இருக்காது என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தார்கள்.

ஏன் பள்ளியிலேயே வைக்கவில்லை என்று கேட்பீர்கள். பல மலைப் பள்ளிகளில் பெரிய விடுமுறை குளிர்காலத்தில், ஹாஸ்டல் பூட்டியிருக்கும். பள்ளி நடக்கும்போது போனால் தங்க இடமிருக்காது. ஒருநாள் மேலே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டோம். காரைக்குடிக்குத் திருச்சி, மதுரை இரண்டு விமான நிலையமும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான். சிங்கப்பூர், கொழும்பு, துபாய் ஆட்களுக்குச் சென்னைக்கே போக வேண்டியதில்லை. சென்னையில் இறங்குபவர்களுக்கு எழும்பூரிலிருந்து பல்லவன் ரயில் இருக்கிறது. செட்டில் யாருக்காவது இங்கே பூர்வீக வீடு இருந்து அதில் வைப்பதாக இருந்தால், பங்காளிகள் எல்லோரிடமும் முன்கூட்டியே சம்மதம் வாங்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுச் சாவி ஒன்று மலேசியாவில், ஈப்போவில் இருந்தது. தேதி மட்டும் தைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தை பிறந்தால் கல்யாணங்கள் வரிசை கட்டும், ஹோட்டலும் கிடைக்காது, சமையல்காரரும் கிடைக்க மாட்டார். மார்கழிதான் தோது. இங்கே கல்யாணம் கிடையாது, வெளிநாட்டுக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் லீவு, வெயிலும் இருக்காது. கொசு மட்டும் இருக்கும்.