போன்சோவின் திருட்டு முழி

வணக்கம்.

மகளைப் பார்க்க லண்டன் போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில், பிஸ்கட் டப்பா நிறைய பழைய போஸ்ட் கார்டுகள் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரே நாய்க்குட்டி வருகிற மூன்று கார்டுகளைப் பொறுக்கி எடுத்தேன். வெள்ளைக் குட்டி, தொந்தி, ஒரு காது மட்டும் கறுப்பு. மூலையில் ஸ்டட்டி என்று கையெழுத்து. வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை பார்த்துவிட்டு, "அத்தை, இது அந்தக் காலத்து காலண்டர் படம் மாதிரி. நாய்க்குட்டியை அழகா போட்டா எவனும் வாங்குவான், அவ்வளவுதான்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஊர் திரும்பி இரண்டு வாரமாக அந்தக் கார்டுகளை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இது யார் வரைந்த நாய்? நிஜமாகவே படத்தில் ஏதாவது இருக்கிறதா, இல்லை, எனக்கு நாய் என்றால் பிடிக்கும் என்பதுதான் காரணமா? ஆறு வயதுப் பேரன் கேட்கிறான். கையில் கொடுக்கலாமா, பத்திரப்படுத்த வேண்டுமா? படமெடுத்து இணைத்திருக்கிறேன்.

எஸ்.,
திருச்சி

*

அன்புள்ள எஸ்.,

படத்தைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. உங்கள் கையில் இருப்பது போன்சோ. 1920களில் இங்கிலாந்தில் இந்தக் குட்டியைத் தெரியாதவர்கள் குறைவு. அதற்கப்புறம் அங்கே எத்தனையோ பேர் தங்கள் வீட்டு நாய்க்கே போன்சோ என்று பெயர் வைத்தார்கள், நம் ஊரில் டைகர், மணி என்று வைப்பதைப்போல.

வரைந்தவர் ஜார்ஜ் எர்னஸ்ட் ஸ்டட்டி. 1878இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் உள்ள டெவன்போர்ட்டில் பிறந்தவர். அப்பா ராணுவ அதிகாரி. மகனும் ராணுவத்துக்குத்தான் போயிருக்க வேண்டும், ஆனால் சிறுவயதில் வைக்கோல் அள்ளும் கவைமுள் காலில் குத்தி ஊனமாகிவிட்டது. அந்த வழி அடைபட்டது. இன்ஜினியரிங் பட்டறையில் பயிற்சி, பங்குச் சந்தைத் தரகு என்று சில காலம் அலைந்தார். கூடவே ஓவியப் பள்ளிக்கும் போனார். அதில் ஒரு பருவம் விலங்குகளை மட்டும் வரையக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றில் படித்தார். உங்கள் மாப்பிள்ளைக்கு நான் சொல்லப்போகும் பதிலில் அந்த ஒரு பருவத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

'தி ஸ்கெட்ச்' என்று லண்டனில் ஒரு வாரப் பத்திரிகை. அதில் ஸ்டட்டி வருடக்கணக்காக நாய்கள் வரைந்துகொண்டிருந்தார். பெயரில்லாத நாய்கள். வாசகர்கள் ஸ்டட்டியின் நாய் என்றே சொல்லிவந்தார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக உருண்டு, குட்டையாகி, முகம் சப்பையாகி, ஒரு குறிப்பிட்ட குட்டியாக மாறியது. 1922 நவம்பரில்தான் அதற்கு போன்சோ என்று பெயர் வந்தது. ஒருநாள் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த பாத்திரம் இல்லை இது. வாராவாரம் வரைந்த கையிலிருந்து வளர்ந்து வந்தது.

சரி, படத்துக்கு வருவோம். உங்கள் முதல் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். குட்டி குந்தி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் கடித்துக் குதறிய வீட்டுச் செருப்பு ஒன்று. குட்டி தலையைத் தூக்கவில்லை. கண்ணை மட்டும் மேலே தூக்கிப் பார்க்கிறது. விழியின் அடியில் வெள்ளை ஒரு கீற்றாகத் தெரிகிறது. நெற்றித் தோல் சுருங்கி இரண்டு மடிப்பு விழுந்திருக்கிறது. நம் மொழியில் இதற்கு அச்சான சொல் இருக்கிறது: திருட்டு முழி. ஒண்ணும் தெரியாத பாப்பா போட்டாளாம் தாழ்ப்பா என்பார்களே, அந்த முகம்.

செருப்பைக் கடிக்கிற காட்சியை ஸ்டட்டி வரையவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் மூன்று கார்டிலும் குறும்பே கிடையாது. ஒன்றில் முடிந்துவிட்டது. மூக்கு நுனிக்கு நேராகக் குளவி பறக்கிற இரண்டாவது கார்டில் இனிமேல்தான் நடக்கப்போகிறது. மூன்றாவதில் தட்டு காலி, குட்டியின் தொந்தி தரையைத் தொடுகிறது. தொந்தியைத் தவிர வேறு சாட்சி இல்லை. சேட்டையை முன்னும் பின்னும் மட்டும் காட்டி, நடுவை நம்மிடம் விட்டுவிடுகிறார். நீங்கள் இரண்டு வாரமாக எடுத்து எடுத்துப் பார்ப்பது அந்த நடுப்பகுதியைத்தான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தச் செருப்பை உங்கள் மனதுக்குள் அது புதிதாகக் கடிக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு நாட்டு நாய் இருந்தது. மொட்டை மாடியில் பாட்டி வேட்டி விரித்து வடாம் பிழிந்து காயவைப்பாள். காக்காய்க்குக் காவல் இருக்க என்னை உட்கார்த்தி வைத்தாள். நான் நிழலுக்கு ஒதுங்கிய நேரத்தில் நாய் ஒரு ஓரத்தைச் சுத்தமாகக் காலிபண்ணிவிட்டது. பாட்டி விசிறிக்காம்போடு வந்து நின்றபோது அது முகவாயைத் தரையில் வைத்துப் படுத்து, கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்தது. வாய் ஓரத்தில் பாதி காய்ந்த வடாம் ஒட்டிக்கொண்டிருந்தது. பாட்டியால் அடிக்க முடியவில்லை. விசிறிக்காம்பு என் பக்கம் திரும்பியது. முதல்முதலாக ஒரு போன்சோ படத்தைப் பார்த்தபோது எனக்கு அந்த மாடியின் வெயில்தான் ஞாபகம் வந்தது. ஸ்டட்டி டெவன்காரர், எங்கள் நாய் பெயர்கூட இல்லாத தெருக்குட்டி. இருந்தும் அந்த நெற்றி மடிப்பு ஒன்றேதான்.

இந்த முழியைப் பற்றி விஞ்ஞானம் ஒரு விஷயம் சொல்கிறது. அது தெரிந்த பிறகு எனக்கு இந்தக் கார்டுகள் இன்னும் பிடித்துப்போயின. நாய்களின் அறிவை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் ஒரு சோதனையை வெளியிட்டார். மொத்தம் 14 நாய்கள். தின்பண்டத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு எஜமானர் வெளியே போய்விடுவார். சில நாய்கள் தின்றன. சில தின்னவில்லை, ஆனால் தின்றுவிட்டதாக எஜமானரிடம் பொய் சொல்லப்பட்டது. அவர் வந்து திட்டினார். முடிவு என்னவென்றால், அந்தக் குற்றவாளி முகத்துக்கும் உண்மையில் தின்றதற்கும் தொடர்பே இல்லை. திட்டுவிழுந்தால் முகம் அப்படி ஆகிறது. தப்பே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அந்த முகம் இன்னும் அழுத்தமாக வந்தது.

ஆக, திருட்டு முழி நாயின் மனசாட்சியைக் காட்டுவதில்லை. எதிரே ஒருவர் கோபமாக நிற்கிறார் என்பதைக் காட்டுகிறது. இதை வைத்துக்கொண்டு உங்கள் கார்டை மறுபடி பாருங்கள். படத்தில் மனிதர் யாரும் இல்லை. அப்படியானால் குட்டி யாரைப் பார்க்கிறது? உங்களைத்தான். கார்டைக் கையில் எடுத்த கணத்தில் அந்தச் செருப்புக்குச் சொந்தக்காரர் நீங்கள் ஆகிவிடுகிறீர்கள். கோபமும் உங்களுடையது, சிரித்துவிடுவதும் நீங்கள்தான். ஸ்டட்டி காலத்தில் இந்தச் சோதனை எதுவும் கிடையாது. அவரிடம் இருந்தது நாய்களைப் பார்த்துப் பழகிய கண், அப்புறம் ஒரு பருவம் கற்ற விலங்கு உடற்கூறு. எந்த உயரத்திலிருந்து பார்த்தால் நெற்றி எவ்வளவு மடியும், வெள்ளை விழி எவ்வளவு தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பின்னங்கால் தொடை தரையில் பரவி அமுங்கியிருப்பதைப் பாருங்கள். பஞ்சு பொம்மை அப்படி உட்காராது. எடையுள்ள குட்டிதான் அப்படி உட்காரும். அழகான நாய்க்குட்டி படம் ஆயிரம் கிடைக்கும், உங்கள் மாப்பிள்ளை சொல்வது சரி. எடையோடு உட்கார்ந்து உங்களைப் பார்க்கிற குட்டி அத்தனை எளிதில் கிடைக்காது.

நமக்கெல்லாம் தெரிந்த கார்ட்டூன் நாய் ஸ்னூப்பி, 1950இல் வந்தது. ஸ்னூப்பி தனக்குள் ஓர் உலகம் வைத்திருக்கிற நாய். அது கற்பனையில் விமானம் ஓட்டும், நாம் வெளியே நின்று பார்ப்போம். போன்சோவுக்கு நாம் எதிரே நின்றால்தான் கதையே. இரண்டில் எது உசத்தி என்று கேட்டால் சொல்ல மாட்டேன். ஆனால் மனசு சரியில்லாத நாளில் நான் போன்சோவைத்தான் எடுக்கிறேன்.

மாப்பிள்ளை சொன்னதில் நியாயமும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. போன்சோ வெற்றி பெற்ற வேகத்தில் அதை எல்லாப் பொருளின் மேலும் ஒட்டினார்கள். சாம்பல் கிண்ணம், உப்பு மிளகுக் குப்பி, வாசனைத் திரவியப் புட்டி, ஜிக்சா புதிர், துணி பொம்மை, சிகரெட் பெட்டிக்குள் வரும் அட்டை. லண்டனில் பிக்காடில்லி சர்க்கஸ் என்கிற பெரிய சாலைச் சந்திப்பின் விளக்கு விளம்பரத்திலும் போன்சோ இருந்தது. 1924இல் தொடங்கி மௌனப் பட கார்ட்டூன்கள் 26 வந்தன. முதல் படத்தின் திரையிடலுக்கு மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் ராணி மேரியும் வந்தார்கள். மிக்கி மவுஸ் பிறப்பதற்கு நான்கு வருடம் முன்னால் நடந்தது இது.

அந்தச் சாம்பல் கிண்ணங்களையும் பொம்மைகளையும் படங்களில் பார்த்திருக்கிறேன். அவற்றில் எனக்கு மனம் ஒட்டவில்லை. பல பொம்மைகளில் குட்டி வெறுமனே சிரித்துக்கொண்டு நேரே பார்க்கிறது. முழி போய்விட்டது. முழி போனதும் செருப்பும் போய்விட்டது, கோபமாக நிற்கிற ஆளும் போய்விட்டார். அவற்றைத்தான் உங்கள் மாப்பிள்ளை பார்த்திருந்தாரென்றால் அவர் சொன்னது முழுக்க சரி. உங்கள் மூன்று கார்டுகளும் அந்த வகை இல்லை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. ஒரு கார்டின் பின்பக்கப் படத்தையும் அனுப்பியிருக்கிறீர்கள், அதற்கு நன்றி. வாலன்டைன்ஸ் என்று அச்சாகியிருப்பது ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்து அச்சகம். போன்சோ கார்டுகளை நூற்றுக்கணக்கில் அச்சடித்தவர்கள் அவர்கள். தபால் முத்திரையில் வருடம் அழிந்துபோயிருக்கிறது, ஆனால் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட சிவப்பு ஒரு பென்னி தபால்தலை இருக்கிறது. அங்கே 1922 மே மாதத்திலிருந்து 1940 வரை உள்நாட்டு கார்டுக்குக் கட்டணம் ஒரு பென்னி. போன்சோவுக்குப் பெயர் வந்தது 1922 கடைசியில். மன்னர் ஜார்ஜ் இறந்தது 1936 ஜனவரியில். ஆகவே அதற்கு நடுவில் அனுப்பிய கார்டு என்று வைத்துக்கொள்ளலாம். பென்சிலில் எழுதிய அந்த நாலு வரியைப் படித்தேன். சனிக்கிழமை வருகிறேன், ஸ்டேஷனுக்கு வரவேண்டாம், மழை பெய்கிறது என்று யாரோ யாருக்கோ எழுதியிருக்கிறார்கள். அதற்காகவாவது அந்த ஒரு கார்டைப் பத்திரமாக வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், நம் ஊர் புழுக்கத்தில் உள்ளே வேர்த்து மை ஒட்டிக்கொள்ளும். நல்ல வெள்ளைக் காகிதத்தில் மடித்து, வெயில் படாத அலமாரியில் வைத்தால் போதும். ஃபிரேம் போட்டு ஜன்னலுக்கு எதிரே மாட்டிவிடாதீர்கள், ஒரே கோடையில் அந்த நீலமும் சிவப்பும் வெளுத்துவிடும்.

மற்ற இரண்டையும் பேரனிடம் கொடுங்கள். கைபட்டு மூலை மடிந்தால் மடியட்டும், தபாலில் போய் வருவதற்காகத்தானே அச்சடித்தார்கள். வேண்டுமானால் பெரிதாக நகலெடுத்தும் கொடுக்கலாம். ஸ்டட்டி 1948இல் காலமானார், பிரிட்டனில் அவருடைய படங்களின் காப்புரிமை 2018 கடைசியோடு முடிந்துவிட்டது.

ஒன்று மட்டும் செய்து பாருங்கள். படத்துக்குக் கீழே இருக்கிற ஆங்கில வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, "இது என்னடா பண்ணிட்டு இப்படி முழிக்குது?" என்று பேரனிடம் கேளுங்கள். அவன் சொல்வதை அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.