நிற்கத் தெரிந்த தறி

அன்புள்ள ஐயா,

ஈரோட்டுப் பக்கம் என் ஊர். மெக்கானிக்கல் படித்துவிட்டு ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்கள் தாத்தா பதினாறு விசைத்தறி வைத்திருந்தார். போன வருடம்தான் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டோம்.

சென்ற வாரம் ஒரு பயிற்சி வகுப்பில் டொயோட்டாவின் கதையைச் சொன்னார்கள். ஏழைத் தறிக்காரர் ஒருவர் சாகும் தறுவாயில் மகனைக் கூப்பிட்டு, நான் தறி செய்தேன், நீ கார் செய் என்றாராம். தன் தறியின் உரிமையை வெள்ளைக்காரக் கம்பெனிக்கு விற்றுக் கிடைத்த பத்து லட்சம் யென்னை அவர் கையில் கொடுத்தாராம். அந்தப் பணத்தை வைத்து, எந்த அரசாங்கத்தின் தயவும் இல்லாமல், மகன் கார் கம்பெனியை எழுப்பினாராம். கேட்டுக் கண் கலங்கிவிட்டது.

குடும்பத்தின் பெயர் டொயோடா, கம்பெனியின் பெயர் டொயோட்டா. ஏன் இந்த மாற்றம் என்று பயிற்சியாளரிடம் கேட்டேன், தெரியவில்லை என்றார். உங்களுக்குத் தெரியுமா? நம் ஊர்களிலும் இத்தனை தறி ஓடியதே, ஏன் நம்மிடம் ஒரு டொயோட்டா வரவில்லை? பாகங்கள் தேவைப்படும் நேரத்துக்குச் சரியாக வந்துசேரும் 'ஜஸ்ட் இன் டைம்' முறை பற்றியும் எழுத வேண்டும்.

வாசகர், ஓசூர்

*

அன்புள்ள தம்பி,

கண் கலங்கியதில் தப்பில்லை. ஆனால் கலங்க வைத்த கதையில் பாதி சோடனை.

முதலில் அந்த 'ஏழைத் தறிக்காரர்'. சகிச்சி டொயோடா 1867-ல் பிறந்தார், இன்றைய ஷிசுவோகா மாநிலத்தில், ஒரு தச்சரின் மகனாக. அம்மா தறியில் உட்கார்ந்து கஷ்டப்படுவதைப் பார்த்து மரத்தறியைச் செப்பனிட ஆரம்பித்தார், 1891-ல் முதல் காப்புரிமை வாங்கினார். இதுவரை சரி. ஆனால் மகன் கீச்சிரோ காருக்கு வந்த காலத்தில் அந்தக் குடும்பத்திடம் நாகோயாவில் நூற்பு நெசவு ஆலை இருந்தது, ஷாங்காயில் ஆலை இருந்தது, கரியா ஊரில் தறி செய்யும் தொழிற்சாலை இருந்தது. கீச்சிரோ 1920-ல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் முடித்தவர். ஓலைக் குடிசையிலிருந்து நேராகக் கார் வந்தால்தான் உங்களுக்குக் கதை பிடிக்கும் என்றால் அது உங்கள் குறை.

மரணப் படுக்கை வாக்கும் அப்படித்தான். கணக்கைப் பாருங்கள். இங்கிலாந்தின் ஓல்ட்ஹாமில் இருந்த பிளாட் பிரதர்ஸ் என்ற நெசவு இயந்திரக் கம்பெனியோடு தறி உரிமைக்கான ஒப்பந்தம் 1929 டிசம்பரில். தொகை 1,00,000 பவுண்டு, அதுவும் தவணையில். பிறகு பிளாட்காரர்கள் பேரம் பேசி 83,500 பவுண்டாகக் குறைத்துக்கொண்டார்கள். சகிச்சி 1930 அக்டோபரில் இறந்துவிட்டார். தறிக் கம்பெனிக்குள் கார்ப் பிரிவு தொடங்கியது 1933 செப்டம்பரில். 1934 ஜனவரியில் பங்குதாரர் கூட்டம் போட்டு, மூலதனத்தைப் பத்து லட்சம் யென்னிலிருந்து முப்பது லட்சமாக உயர்த்தித்தான் காருக்குப் பணம் திரட்டினார்கள். அப்பா தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்த பணம் அல்ல. மகனுக்குக் காரில் ஆசை இருந்ததும் அப்பா அதைத் தடுக்காததும் உண்மை. தந்தை சொல் இல்லாமல் மகன் ஒரு காரியம் செய்தான் என்றால் நமக்கு ஏனோ தொண்டையில் இறங்குவதில்லை.

அரசாங்கத்தின் தயவு இல்லாமலா? 1936-ல் வாகன உற்பத்திச் சட்டம் வந்தது. 1925-லிருந்து யோகோஹாமாவில் போர்டும், 1927-லிருந்து ஒசாகாவில் ஜெனரல் மோட்டார்ஸும் வண்டிகளைக் கோத்து விற்றுக்கொண்டிருந்தன. அந்தச் சட்டமும் அதன் பின்னே வந்த கெடுபிடிகளும் சேர்ந்து சில வருடங்களில் இரண்டு பேரையும் வெளியேற்றின. உரிமம் டொயோட்டாவுக்கும் நிசானுக்கும் கிடைத்தது. ராணுவத்துக்கு லாரி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இதை விட்டுவிடுவோம்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. பதினாறு தறியை எடைக்குப் போட்டோம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். மூன்று வாரமாக என் மேசையில் ஒரு நாடா கிடக்கிறது, தறியில் குறுக்கு நூலைச் சுமந்து இங்குமங்கும் ஓடும் மரக்கட்டை, காகிதம் பறக்காமல் இருக்க. அம்மா போனபிறகு வீட்டை ஒழித்தபோது பரண்மேல் கிடைத்தது. இரண்டு முனையிலும் இரும்புக் கூம்பு, நடுவில் நூல் சுற்றிய குச்சியான தார் வைக்கும் குழி, ஓரத்தில் நூல் வரும் சின்னத் துளை. மரம் தேய்ந்து எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கிறது.

அம்மா அடுத்தவர் பட்டறையில் நான்கு தறி ஓட்டினார். காடாத் துணி, மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. ராத்திரி ஷிப்டுக்கு என்னையும் கூட்டிப் போவார், நூல் மூட்டைமேல் படுத்துத் தூங்குவேன். அந்தச் சத்தத்தில் எப்படித் தூங்கினாய் என்று கேட்பார்கள். சத்தம் நின்றால்தான் எனக்கு முழிப்பு வரும்.

விசைத்தறி ஓட்டத் தெரிந்தவருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் எஞ்சினியர், உங்களுக்குச் சொல்கிறேன். ஊடை, அதாவது குறுக்கு நூல், அறுந்தால் தறி நின்றுவிடும், அதற்கு ஒரு சின்னக் கம்பி முள் உண்டு. நெடுக்கு நூலான பாவில் ஒரு இழை அறுந்தால் எங்கள் பட்டறைத் தறி நிற்காது. அது பாட்டுக்கு ஓடும், துணியில் அந்த இடத்தில் ஒரு கோடு விழுந்துகொண்டே போகும். ஆள்தான் பார்த்து, கைப்பிடியைத் தட்டி நிறுத்தி, அறுந்ததை முடிந்து, பாவு இழையைத் தூக்கி இறக்கும் விழுதின் கண்ணில் கோத்து, திரும்ப ஓட்ட வேண்டும். நான்கு தறி, ஆயிரக்கணக்கில் இழை, இரண்டு கண். ஒரு நாள் அம்மா மூன்றாவது தறியில் குனிந்து இழை முடிந்துகொண்டிருந்தபோது முதல் தறியில் ஒன்று அறுந்துவிட்டது. எட்டு மீட்டர் கோடு. முதலாளி கெட்டவர் இல்லை, தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பவர்தான். ஆனாலும் டேமேஜ் என்று எழுதி அந்த வாரக் கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார். அம்மா அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சாப்பிடும்போதுகூட அவர் கண் இடமிருந்து வலமாக எதையோ வருடிக்கொண்டே இருக்கும். பாய், ஜன்னல் கம்பி, கூரைத் தகரம், எதில் கோடு இருந்தாலும் ஒன்று குறைகிறதா என்று பார்ப்பார். கடைசிக் காலத்தில் காது சுத்தமாகக் கேட்கவில்லை, கண் மட்டும் ஆஸ்பத்திரிக் கட்டிலின் விரிப்பில் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது சகிச்சிக்கு வருகிறேன். அவருடைய பெரிய சாதனை வேகம் என்று உங்கள் பயிற்சியாளர் சொல்லியிருப்பார். இல்லை, நிறுத்தம். 1896-ல் அவர் செய்த முதல் விசைத்தறியிலேயே ஊடை அறுந்தால் தானாக நிற்கும் ஏற்பாடு இருந்தது. 1924-ல் வந்த ஜி வகைத் தறியில் பாவில் ஒரு இழை அறுந்தாலும் நிற்கும். தார் தீர்ந்துபோனால் மட்டும் நிற்காது, ஓட்டத்தைக் குறைக்காமலேயே காலி நாடாவைத் தள்ளிவிட்டு நிறைந்த நாடாவை எடுத்துக்கொள்ளும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும், நிற்க வேண்டாத இடத்தில் ஓடும். ஒரு ஆள் முப்பது தறிக்கு மேல் பார்த்துக்கொள்ள முடிந்தது இதனால்தான். இழையைக் காவல் காக்கும் வேலை ஆளின் கண்ணைவிட்டுப் போய்விட்டது. இழை அறுந்தால் அது தறியின் பாடு, ஓட்டுகிறவளின் குற்றம் அல்ல.

1924-ல் ஜப்பானில் இருந்தது, அரை நூற்றாண்டு கழித்தும் எங்கள் பட்டறையில் ஏன் இல்லை? மூளை இல்லாமலா? நம் ஊர் மிஸ்திரிகள் பழைய தறியைப் பிரித்து அதேபோல் இன்னொன்று வார்ப்பார்கள். விஷயம் வேறு. ஜப்பானில் பெண்களை ராத்திரி வேலைக்கு வைக்கக் கூடாது என்ற சட்டம் 1929 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஒரு ஷிப்டு போயிற்று, கூலிக் கணக்கு ஏறிற்று. தானாக நிற்கும் தறியை வாங்க ஆலைகளுக்குக் காரணம் கிடைத்தது. எங்கள் பட்டறையில் அந்தக் காரணம் இல்லை. நிறுத்தும் கருவியைவிட என் அம்மாவின் கண் மலிவு. தவறினால் கூலியில் பிடித்துக்கொள்ளலாம், கருவியின் கூலியில் எதைப் பிடிப்பது? ஏன் நம்மிடம் ஒரு டொயோட்டா வரவில்லை என்று என்னைக் கேட்கிறீர்கள். உங்கள் தாத்தாவின் பதினாறு தறியில் எத்தனை தறிக்குப் பாவு அறுந்தால் நிற்கும் கருவி இருந்தது? டேமேஜ் நோட்டு யார் கையில் இருந்தது? வீட்டில் கேட்டுப் பாருங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் தாத்தாவை எனக்குத் தெரியாது. அந்த நோட்டைத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நானும் பயிற்சியாளர் ஆகிவிடுவேன். ஒருத்தி முப்பது தறி பார்த்தால் மற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஜி வகைத் தறி எங்கள் பட்டறைக்கு வந்திருந்தால் முதலில் வேலை போயிருக்கக்கூடியவர் என் அம்மா. இந்த முடிச்சை நான் இன்னும் அவிழ்க்கவில்லை.

கீச்சிரோவைப் பற்றி உங்கள் வகுப்பில் சொல்லாததைக் கொஞ்சம் சொல்கிறேன், எனக்கு அப்பாவைவிட மகன்மேல்தான் பிரியம். அவர் 1894-ல் பிறந்து கொஞ்ச காலத்திலேயே அம்மா வீட்டைவிட்டுப் போய்விட்டார். எந்நேரமும் தறியே கதி என்று இருந்த மனிதரோடு அந்தப் பெண்ணால் வாழ முடியவில்லை. பிள்ளையைப் பாட்டியும் தாத்தாவும் வளர்த்தார்கள். தறி மேதையின் வாழ்க்கையில் அறுந்த இழை இது, தறி நிற்கவில்லை.

1922-ல் ஓல்ட்ஹாமில் அதே பிளாட் கம்பெனியின் ஆலையில் பயிற்சி பெற்றவர், ஏழு வருடம் கழித்து அதே கம்பெனிக்குத் தறியின் உரிமையை விற்கப் போனார். ஊருக்குத் திரும்பி, தறித் தொழிற்சாலையின் ஒரு மூலையில் எஞ்சின் செய்து பார்க்க ஆரம்பித்தார். ஒரு செவ்ரோலே காரை வாங்கி நட்டு நட்டாகக் கழற்றினார்கள். தறிக்கு வார்ப்பு செய்து பழகிய கைகள், எஞ்சின் என்ன பெரிய விஷயம் என்று நினைத்திருப்பார்கள். சிலிண்டர் பிளாக்கில் அடிபட்டார்கள். உள்ளே தண்ணீர் ஓடும் வழிகளுக்கு மணலில் கரு வைத்து வார்க்க வேண்டும், கரு உடைந்தால் மொத்தமும் உடைத்து உருக்கத்தான் லாயக்கு. பிளாக் பிளாக்காகக் குப்பைக்குப் போயிற்று. 1934 செப்டம்பரில் ஒருவழியாக எஞ்சின் ஓடியபோது, பார்த்துச் செய்த செவ்ரோலேயைவிட அதற்குச் சக்தி குறைவு. அப்புறம் அதைத் திருத்தினார்கள். 1935 நவம்பரில் ஜி1 லாரியை அறிமுகப்படுத்த டோக்கியோவுக்கு ஓட்டிப் போனபோது வழியிலேயே ஸ்டீயரிங் பாகம் ஒன்று முறிந்தது. விற்ற லாரிகள் நடுரோட்டில் நின்றன, கீச்சிரோவே போய் அடியில் படுத்துப் பார்த்தார். அந்தச் செய்தியைத்தான் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு யாரும் கண் கலங்கமாட்டார்கள் என்று விட்டிருப்பார்கள்.

கம்பெனி தனியாகப் பதிவானது 1937 ஆகஸ்ட் 28. முதல் தலைவர் கீச்சிரோ இல்லை, தங்கையின் கணவர் ரிசபுரோ. கீச்சிரோவுக்கு நாற்காலி வந்தது 1941-ல். போர் முடிந்து, பணம் முடங்கி, 1950-ல் கம்பெனி மூழ்கும் நிலை. வங்கிகள் கைகொடுத்தன, ஆனால் ஆட்களைக் குறைக்கச் சொன்னார்கள். ஆயிரத்து அறுநூறு பேரை அனுப்பும் திட்டம். யாரையும் அனுப்ப மாட்டேன் என்று இருந்தவர் அவர். இரண்டு மாத வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஜூன் மாதம் ஆட்குறைப்பும் நடந்தது, அவரும் ராஜினாமா செய்தார். அதே ஜூன் 25-ல் கொரியப் போர் வெடித்தது. ஜூலையில் அமெரிக்க ராணுவம் ஆயிரம் லாரி கேட்டது. மூன்று வாரம் பொறுத்திருந்தால்! திரும்ப வரச் சொல்லிக் கேட்டார்கள், சம்மதித்தார், நாற்காலியில் உட்காரும் முன்பே 1952 மார்ச்சில் போய்விட்டார். வயது 57.

'ஜஸ்ட் இன் டைம்' பற்றி எழுத எனக்கு நேரம் இல்லை. நீங்கள் தினமும் அதற்குள்தான் வேலை பார்க்கிறீர்கள், எனக்கு நீங்கள்தான் எழுத வேண்டும்.

அட, பெயரை மறந்தேவிட்டேன், நீங்கள் உருப்படியாகக் கேட்டது அது ஒன்றுதான். 1936-ல் சின்னத்துக்காகப் போட்டி வைத்தார்கள், 27,000 பேர் போல எழுதிப் போட்டார்கள். ஜெயித்தது ஜப்பானிய கத்தகானா எழுத்தில் டொயோட்டா என்று இருந்த ஒன்று. டொயோடா என்றால் செழித்த வயல் என்று பொருள் வரும், குடும்பப் பெயர். அதைக் கத்தகானாவில் எழுதப் பத்துக் கோடு, டொயோட்டாவுக்கு எட்டுக் கோடு. எட்டு அவர்களுக்கு ராசியான எண், பார்க்கவும் கேட்கவும் தெளிவாக இருந்தது, கம்பெனியும் வீட்டுப் பெயரிலிருந்து கொஞ்சம் விலகி நின்றது. டொயோடாவில் வரும் மெல்லிய 'டா'வைக் காட்ட அவர்கள் எழுத்தின் தலையில் இரண்டு சிறு கோடு போடுவார்கள், நம் கண்ணுக்குப் புள்ளி மாதிரி இருக்கும். அதை எடுத்துவிட்டார்கள். நாம் அதே சத்தத்துக்கு ஒரு 'ட்' சேர்த்துப் புள்ளி வைக்கிறோம்.

அன்புடன்.