ஐஎஸ்பி (இன்டர்நெட் கொடுக்குற கம்பெனி) நெட்வொர்க்க பாதுகாக்க பெரிய ஃபயர்வாலா ஒண்ணு வாங்கினா போதுமா?

வாங்குங்க, வேணாம்னு சொல்லல. ஆனா ஐஎஸ்பில அத எங்க வைப்பீங்க? ஓடுற டிராஃபிக் பூரா கஸ்டமரோடது, அதுல நீங்க பெருசா கை வைக்க முடியாது. உங்க ரவுட்டருக்குள்ள யார் லாகின் பண்றாங்கங்கறதுதான் முதல் கவலையா இருக்கணும்.

2024 ஜனவரி 3ஆம் தேதி ஆரஞ்ச் ஸ்பெயின்ங்கற ஐஎஸ்பிக்கு நடந்தத பாருங்க. எவனும் ரவுட்டர தொடவே இல்ல. ஐரோப்பால ஐபி முகவரி ஒதுக்குற ரைப் என்சிசி இருக்குல்ல, அதுல அந்த கம்பெனிக்கு இருந்த அக்கவுண்ட்டுக்குள்ள ஒருத்தன் பூந்துட்டான். பாஸ்வேர்டு என்ன தெரியுமா, "ரைப்அட்மின்". டூ ஃபேக்டரும் (பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு சரிபார்ப்பு) கிடையாது. ஊழியர் ஒருத்தரோட கம்ப்யூட்டர்ல பாஸ்வேர்டு திருடுற மால்வேர் ஏற்கனவே உக்காந்திருந்துச்சு, அது வழியாதான் வெளிய போயிருக்கு. உள்ள போனவன் ஆர்பிகேஐ பதிவுகள (எந்த ஐபி முகவரிய எந்த நெட்வொர்க் அறிவிக்கலாம்னு சொல்ற பதிவு) மாத்தி, ஆரஞ்சோட ஐபி பிளாக்குகள வேற ஏஎஸ் நம்பர்தான் (ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் இருக்கிற அடையாள எண்) அறிவிக்கணும்னு எழுதிட்டான், அவ்ளோதான், ஆர்பிகேஐ செக் பண்ற நெட்வொர்க் எல்லாம் ஆரஞ்சோட உண்மையான ரூட்டையே (அந்த முகவரிக்கு போற வழி) போலின்னு நினைச்சு தூக்கி போட்டுடுச்சு, சில மணி நேரம் டிராஃபிக் பாதியா சரிஞ்சுது. ரூட் திருட்ட தடுக்கணும்னே வந்த ஏற்பாடு ஆர்பிகேஐ, கடைசில அதுவே ஆயுதமாயிடுச்சு! அதுக்கப்புறம்தான் ரைப் என்சிசி டூ ஃபேக்டர கட்டாயமாக்குச்சு. நம்ம பக்கம் ஏப்னிக் (ஆசிய பசிபிக்குக்கு ஐபி ஒதுக்குறது), ஐரின் (இந்தியாவுக்கு ஒதுக்குறது) அக்கவுண்ட் வெச்சிருக்கிறவங்க இப்பவே போய் பாருங்க, நிறைய இடத்துல அது எப்பவோ வேலைய விட்டு போனவரோட மெயில் ஐடிலதான் கிடக்கும்.

ரவுட்டர் பக்கம் சொல்லணும்னா புதுசா ஒண்ணுமில்ல. டெல்நெட்ட (பாஸ்வேர்ட மறைக்காம அனுப்புற பழைய ரிமோட் லாகின்) மூடுங்க, எஸ்எஸ்எச் (மறைச்சு அனுப்புற ரிமோட் லாகின்) மேனேஜ்மென்ட் நெட்வொர்க்லேர்ந்து (ரவுட்டர நிர்வாகம் பண்ற நெட்வொர்க்) மட்டும் வரட்டும், எஸ்என்எம்பி கம்யூனிட்டி (ரவுட்டர கண்காணிக்கிற முறைக்கு பாஸ்வேர்டு மாதிரி) "பப்ளிக்"னே இருந்தா மாத்துங்க, ஆளுக்கு ஒரு லாகின் டகாக்ஸ்ல (லாகின எல்லாம் ஒரே இடத்துல சரிபாக்குற முறை) போடுங்க. எல்லாரும் ஒரே அட்மின் பாஸ்வேர்டுல பூந்தா நாளைக்கு யார் என்ன பண்ணாங்கன்னு எப்படி தேடுவீங்க? கஸ்டமர் பிஜிபிக்கு (நெட்வொர்க்குகள் ஒண்ணுக்கொண்ணு ரூட் சொல்லிக்கிற முறை) ப்ரிஃபிக்ஸ் ஃபில்டர் (அவங்களோட முகவரிகள மட்டும் ஏத்துக்கிற வடிகட்டி) கண்டிப்பா வேணும். 2008ல பாகிஸ்தான் டெலிகாம் உள்ளூர்ல யூட்யூப்ப தடுக்க போட்ட ரூட் வெளிய கசிஞ்சு உலகத்துல பல இடத்துல யூட்யூப் விழுந்துச்சே, அவங்களுக்கு மேல இன்டர்நெட் கொடுத்த பிசிசிடபிள்யூ கம்பெனி ஃபில்டர் போட்டிருந்தா அங்கயே நின்னிருக்கும்.

அடுத்தது நிறைய பேர் செலவு பாத்து விட்டுடுற விஷயம், அவுட் ஆஃப் பேண்ட், அதாவது உங்க நெட்வொர்க் விழுந்தாலும் ரவுட்டருக்குள்ள போக தனி வழி. 2022 ஜூலை 8 கனடால ராஜர்ஸ்ங்கற டெலிகாம் கம்பெனி அப்கிரேடு பண்ணும்போது ஒரு ரவுட்டர்ல ஃபில்டர எடுத்துட்டாங்க, ரூட் வெள்ளமா கொட்டி கோர் ரவுட்டர் (நெட்வொர்க்கோட நடுவுல இருக்கிற முக்கிய ரவுட்டர்) எல்லாம் படுத்துடுச்சு, 1.2 கோடி பேருக்கு மேல நெட்டும் போனும் போச்சு, 911 (அவசர உதவி நம்பர்) கூட பல பேருக்கு கிடைக்கல. சரி பண்ணலாம்னு பாத்தா மேனேஜ்மென்ட் நெட்வொர்க்கும் அதே கோர் மேலதான் ஓடுது, ஸ்டாஃப் கைல இருந்ததும் ராஜர்ஸ் சிம்தான்! யார யார் கூப்பிடுறது?

அதனால கன்சோல் சர்வர் (ரவுட்டரோட கன்சோல் போர்ட் வழியா உள்ள போக உதவுற பெட்டி) ஒண்ணு, அதுக்கு வேற கம்பெனி லைன், இல்லாட்டி வேற கம்பெனி 4ஜி சிம். ஜூனிப்பர் கம்பெனி ரவுட்டரா இருந்தா கமிட் கன்ஃபர்ம்டு (திரும்ப உறுதி பண்ணலன்னா மாத்தினத ரத்து பண்ற கமாண்ட்) இல்லாம ரிமோட்ல எதையும் மாத்தாதீங்க, கனெக்‌ஷன் போனாலும் 10 நிமிஷத்துல பழைய கான்ஃபிக் தானா திரும்பிடும். அந்த 4ஜி லைன்ல மாசம் ஒரு தடவையாவது லாகின் பண்ணி பாருங்க, பாதி இடத்துல ரீசார்ஜ் பண்ண ஆள் இல்லாம சிம் செத்து கிடக்கும்.