சார்லட் லூகாஸ் ஏன் காலின்ஸை மணக்கச் சம்மதித்தாள்?

1813-இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில், கதாநாயகி எலிசபெத் மணக்க மறுத்த பாதிரியார் காலின்ஸை அவளுடைய தோழி சார்லட் இரண்டொரு நாளிலேயே ஏற்றுக்கொள்கிறாள். சுயமரியாதை இல்லாதவளா என்று கேட்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சார்லட்டுக்கு வயது 27. அழகி என்று பெயரில்லை, சொத்தும் பெரிதாக இல்லை. அவளைப் போன்ற குடும்பத்துப் பெண் கௌரவம் கெடாமல் சம்பாதிக்க இருந்த வழி, பணக்கார வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் கவர்னஸ் வேலைதான். சம்பளம் சொற்பம், மரியாதை அதைவிடக் குறைவு. இல்லாவிட்டால் தம்பிமார் தயவில் காலம் தள்ள வேண்டும். கல்யாணம் நிச்சயமானதும் அக்கா இனி நம் தலையில் விழமாட்டாள் என்று அந்தத் தம்பிகள் நிம்மதி அடைவதை ஆஸ்டின் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார். படிக்கும்போதெல்லாம் மனசு வலிக்கும் இடம் அது.

எலிசபெத்தின் நிலையும் பத்திரமானதல்ல. அப்பாவின் நிலத்தில் ஆண்டுக்கு 2,000 பவுண்டு வருமானம். ஆனால் அது ஆண் வாரிசுக்குத்தான் சேரும் என்பதால், மகன் இல்லாத அவர் கண்மூடினால் வீடு உட்பட எல்லாம் உறவினரான அதே காலின்ஸுக்குப் போய்விடும். அப்படியிருந்தும் மறுத்தாளே, அது பெரிய துணிச்சல்.

ஆஸ்டினே 1802-இல் வசதியான ஒருவரை மணக்கச் சம்மதித்து, மறுநாள் காலையில் மறுத்துவிட்டார். கடைசிவரை அவர் மணம் செய்துகொள்ளவில்லை.