விரத நாளும் இனிப்புநீர் மாத்திரையும்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 71 வயது. இனிப்புநீருக்கு (நீரிழிவுக்கு) பலதுறை மருந்தகத்தில் கிளிக்ளசைடு தருகிறார்கள். புரட்டாசி முதல் சனிக்கிழமை வெறும் வயிற்றில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலுக்குப் போனார். வரிசையிலேயே வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். வீட்டில் விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை 3.2 மில்லிமோல். அந்த மாத்திரை கணையத்தைப் பிழிந்துவிடும், ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும் என்று காப்பிக்கடை நண்பர் சொன்னாராம். இனி தொடவே மாட்டேன் என்கிறார். நண்பர் சொல்வது உண்மையா?

ம., ஈசூன்

அன்புள்ள ம.,

நண்பர் சும்மா சொல்லவில்லை. ஆனால் பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பயமுறுத்தியிருக்கிறார்.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களில் பொட்டாசியம் வெளியேற ஒரு வாசல் உண்டு. சாப்பிட்டு ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது அது மூடும். உடனே கால்சியம் உள்ளே பாயும், இன்சுலின் வெளியே வரும். கிளிக்ளசைடு, அதே வகையைச் சேர்ந்த கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லை. தாமாகவே வாசலை மூடிவிடும். அப்பாவுக்கு நடந்தது இதுதான்.

2008இல் இங்கே சிங்கப்பூரில் நடந்தது நினைவிருக்கிறதா? ஆண்மை மாத்திரை என்று திருட்டுத்தனமாக விற்றவற்றில் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. அந்த ஆண்டின் முதல் ஐந்து மாதங்களுக்குள், இனிப்புநீரே இல்லாத 150 பேர் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள்.

அப்புறம் ரத்தக் குழாய். அதன் சுவரிலுள்ள தசையிலும் இதே இனத்து வாசல் இருக்கிறது. திறந்தால் குழாய் தளரும், மூடினால் இறுகும். ரத்த அழுத்தத்துக்கு வந்த டயசாக்சைடு இதற்கு நல்ல சாட்சி: வாசலைத் திறந்து குழாயைத் தளர்த்தியது, கூடவே இன்சுலினையும் தடுத்துச் சர்க்கரையை ஏற்றிவிட்டது. இன்று இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரக்கும் குழந்தைகளுக்கே அதைக் கொடுக்கிறார்கள். கிளிபென்கிளமைடு இரண்டு வகை வாசலையும் பிடிக்கும். அப்பாவின் கிளிக்ளசைடு பெரும்பாலும் பீட்டா செல்லின் வாசலோடு நின்றுவிடும்.

பிழிந்துவிடும் என்ற பேச்சும் பழசுதான். பிரிட்டனில் 1998இல் முடிவு வெளியான நீண்ட ஆய்வில், இந்த வகை மாத்திரை எடுத்தவர்களுக்கு மட்டுமல்ல, உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கும் ஆண்டு போகப் போகச் சர்க்கரை ஏறத்தான் செய்தது. நோயின் போக்கே அப்படி.

ஆகவே மாத்திரையை அவராக நிறுத்த வேண்டாம். அடுத்த சனிக்கிழமைக்கு முன்பே மருத்துவரிடம் விரதத்தைச் சொல்லுங்கள். அன்றைய மாத்திரையைத் தள்ளுவதா, குறைப்பதா என்று அவர் சொல்வார். பெரியவர்கள் விரதத்தை மருத்துவரிடம் சொல்லவே மாட்டார்கள், நீங்கள் கூடப் போங்கள். சிறுநீரகப் பரிசோதனை முடிவையும் கேளுங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் சர்க்கரை இறங்கும் ஆபத்து கூடும்.

சட்டைப்பையில் குளுக்கோஸ் மாத்திரை இருக்கட்டும். 4க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதனை. அந்த நேரத்தில் போய், சர்க்கரையே போடாத கோப்பி ஓ கோசோங் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்!