இரட்டை ஐகன் மதிப்பு பிரிவது நிரல் பிழையா?

உங்கள் நிரலில் பிழை இல்லை. கொழிஞ்சாம்பாறைத் தோப்பில் தொடராக உள்ள இரு தொட்டிகளின் கணித மாதிரியில், இரண்டாவது தொட்டியிலிருந்து முதலாவதற்கு 0.0001 அளவு பின்கசிவைச் சேர்த்ததும், இரட்டையாக இருந்த −1 என்னும் ஐகன் மதிப்பு (மாதிரியின் அணிக்குரிய, அமைப்பு எவ்வளவு வேகமாகத் தணியும் என்பதைக் காட்டும் எண்) −0.99, −1.01 எனப் பிரிவதே சரியான விடை.

ஒரே காலமாறிலியுள்ள (அதாவது ஒரே வேகத்தில் வடியும்) தொட்டிகள் தொடராக அமையும்போது, இரட்டை ஐகன் மதிப்புக்கு ஒரேயொரு ஐகன் திசையனே (அணியால் திசை மாறாத திசையன்) இருக்கும். ஆகவே சிறு மாற்றம், தன் வர்க்கமூலத்தின் அளவுக்கு ஐகன் மதிப்புகளை விலக்கிவிடுகிறது.

கசிவை 0.000001 ஆக்கிப் பாருங்கள். விலகல் நூறில் ஒரு பங்காக அன்றி, பத்தில் ஒரு பங்காகவே, அதாவது 0.001 ஆகக் குறைய வேண்டும்.

பிரிந்த இரு மதிப்புகளும் குறையெண்களாகவே இருப்பதால், இங்கே நிலைப்புத்தன்மை குலையாது. ஐகன் மதிப்பு கற்பனை அச்சின்மீது (மெய்ப்பகுதி சுழியாக) இருந்திருந்தால் குலைந்திருக்கலாம். ஜோர்டான் வடிவத்தை (இத்தகைய இரட்டை மதிப்புகளை வெளிப்படையாகக் காட்டும் அணி வடிவம்) மட்டும் கணினியில் எண்முறையாகத் தேடாதீர்கள்; எண்களைக் கணினி முழுமையாக்குவதால் வரும் பிழையே அதைச் சிதைத்துவிடும் என்பதால், ஷூர் பிரிப்பைப் (அணியை முக்கோண வடிவுக்கு மாற்றும் முறை) பயன்படுத்துங்கள்.