பிரேக்கைச் சொல்லுங்கள், சீட்டைச் சொல்கிறேன்: வீட்டு சிம் ரேசிங் இருக்கை, கேள்வி பதில்

வீட்டில் சிம் ரேசிங் (கணினியில் நிஜம் போலக் கார் ஓட்டும் பந்தய விளையாட்டு) ஆடுகிறவர்கள் ஸ்டியரிங் வீலுக்கும் பெடலுக்கும் மாதக்கணக்கில் யோசித்துப் பணம் சேர்க்கிறார்கள். சீட் என்று வரும்போது மட்டும் எதிலாவது உட்கார்ந்துகொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கும் நண்பர்களுக்குமாக இதுவரை ஐந்து ரிக் (வீல், பெடல், சீட் மூன்றையும் தாங்கும் சட்டம்) கட்டியிருக்கிறேன். சீட் சரியில்லாத ரிக்கில் விலை உயர்ந்த பெடல் மாட்டியும் பலன் இல்லாமல் போனதைக் கண்ணால் பார்த்தவன். பலர் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்துத் தருகிறேன்.

அண்ணா, லாஜிடெக் ஜி29 வீலும் பெடலும் வைத்திருக்கிறேன். வீலை மேசையில் மாட்டி, கேமிங் சேரில் உட்கார்ந்து ஆடுகிறேன். பிரேக் மிதித்தால் சேர் பின்னால் ஓடிவிடுகிறது. தனியாக சீட் வாங்கத்தான் வேண்டுமா? (கல்லூரி மாணவர், திருச்சி)

இப்போதைக்கு வேண்டாம், தம்பி. சேரின் கீழே இருக்கும் ஐந்து சக்கரங்களையும் இழுத்தால் கழன்று வந்துவிடும். அதே துளையில் பொருந்தும் உருளாத கால்கள் கிடைக்கின்றன, அவற்றைப் போடுங்கள். சக்கரத்தைக் கழற்ற மனமில்லை என்றால், ஒரு கெட்டியான நைலான் பட்டையால் சேரின் நடுத்தண்டையும் பெடல் இருக்கும் பலகையையும் சேர்த்துக் கட்டுங்கள். கால் பெடலை முன்னால் தள்ளுகிறது, உடம்பு சேரைப் பின்னால் தள்ளுகிறது. பட்டை இரண்டையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சேரின் ஆடும் வசதியையும் பூட்டிவிடுங்கள். ஜி29-க்கு இது போதும்.

கீழே வரும் எல்லாப் பதில்களுக்கும் அடிப்படையான ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண பெடல், கால் எவ்வளவு தூரம் போனது என்று அளக்கிறது. லோட் செல் பிரேக் அப்படி இல்லை, எவ்வளவு அழுத்தினீர்கள் என்று அளக்கிறது. ஃபனாடெக் நிறுவனத்தின் சிஎஸ்எல் பெடலுக்கு வரும் லோட் செல் 60 கிலோ வரை அளக்கும். நீங்கள் 40 கிலோ அழுத்தினால், அதே 40 கிலோ உங்கள் இடுப்பு வழியாக சீட்டின் முதுகில் போய் விழுகிறது. சீட்டின் முதுகு வளைந்து கொடுத்தால், பந்தயப் பாதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் கால் வேறு வேறு தூரம் போகும். காலுக்குப் பழக்கமே வராது. அதனால்தான் யார் சீட் கேட்டாலும் முதலில் உங்கள் பிரேக் எது என்று கேட்கிறேன். மெத்தென்று இருக்கிறதா என்பதை அப்புறம் பார்க்கலாம்.

அங்கிள், நாங்கள் சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறோம். ஆடி முடித்ததும் மடித்து ஓரமாக வைக்க வேண்டும். பிளேசீட் சேலஞ்ச் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். இரும்புக் குழாய்ச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிய அமைப்பு அது. மடித்தால் கதவுக்குப் பின்னால் நின்றுவிடும். உடம்பைத் துணி தொட்டில் போலத் தாங்குவதால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் வலி வராது. ஆனால் துணி என்பதால் பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது கொஞ்சம் உள்வாங்கும். கியர் வகை, பெல்ட் வகை வீலுக்குப் பிரச்சினை இல்லை. மோட்டார் தண்டிலேயே வீலை நேராக மாட்டும் டைரக்ட் டிரைவ் வகையில், 5 நியூட்டன் மீட்டர் (திருப்பு விசை) அளவிலான சிறியது வரைக்கும் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் வீல் தாங்கியே ஆட ஆரம்பிக்கும்.

சார், புதுப்பேட்டையில் பழைய கார் சீட் வாங்கி ரிக் கட்டலாம் என்று நினைக்கிறேன். நல்ல யோசனையா? (சென்னை)

என்னைக் கேட்டால் நம் ஊரில் இதைவிட நல்ல யோசனை கிடையாது. ரேஸ் காரில் பக்கவாட்டு மடல்கள் உயரமாக இருப்பது, வளைவில் உடம்பு ஒரு பக்கமாகத் தூக்கி எறியப்படும்போது பிடித்து நிறுத்துவதற்கு. வீட்டு அறையில் அந்த விசையே கிடையாது. சீட்டையே ஆட்டும் மோட்டார் தளம் வைத்திருந்தால் மட்டும் கொஞ்சம் உண்டு. இங்கே உங்கள் மேல் விழுவது இரண்டே பாரம்: உங்கள் எடை கீழ்நோக்கி, பிரேக்கின் எதிர்விசை பின்னோக்கி. இந்த இரண்டையும் பல வருடம் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது சாதாரண கார் சீட். நீண்ட பயணத்துக்கு ஏற்ற ஃபோமும் அதில் இருக்கிறது.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. சீட்டைத் தரையில் வைத்து உட்கார்ந்து, காலைச் சுவரில் ஊன்றி முதுகால் ஓங்கித் தள்ளுங்கள். லீவர் வகை சாய்மானத்தில் பல் தேய்ந்திருந்தால் முதுகு டக் டக் என்று ஆடும். அதை வாங்காதீர்கள். திருகு வகை சாய்மானம் கிடைத்தால் அதையே எடுங்கள், ஆட்டம் குறைவு, கோணத்தையும் நுணுக்கமாக வைக்கலாம். கீழே இருக்கும் ரெயிலோடு சேர்த்துக் கேளுங்கள். இரண்டு பக்க ரெயிலும் ஒரே நேரத்தில் பூட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பூட்டினால் பிரேக் மிதிக்கும்போது சீட் லேசாகத் திரும்பும்.

முக்கியமான எச்சரிக்கை: சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் தொங்கினால் அந்த சீட்டை விட்டுவிடுங்கள். பக்கவாட்டு ஏர்பேக்கோ, பெல்ட்டை இழுக்கும் டென்ஷனரோ அதில் இருக்கலாம். இரண்டிலும் வெடிக்கும் பொருள் உண்டு. வீட்டில் கழற்றிப் பார்க்கும் விஷயம் இல்லை அது.

காரின் தரை சமமாக இருக்காது என்பதால் சீட்டின் நான்கு கால்களும் நான்கு உயரத்தில் இருக்கும். பட்டறையில் இதைச் சொல்லி, இரும்புத் துண்டு வைத்து மட்டம் செய்யச் சொல்லுங்கள். உறையைக் கழற்றித் துவைத்து, ஃபோமை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் போட்டால் வாடை போய்விடும்.

அண்ணா, ஸ்பார்கோ, ஓஎம்பி மாதிரி நிஜ ரேஸ் சீட், தேதி முடிந்தது மலிவாக வருகிறது. எடுக்கலாமா? (பெங்களூரு)

எடுக்கலாம். உலகக் கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் 8855-1999 தரத்தில் வரும் சீட்டுக்குத் தயாரித்த நாளிலிருந்து 5 வருடம்தான் ஆயுள். அதன்பின் போட்டியில் அனுமதி இல்லை, அதனால்தான் விலை இறங்குகிறது. வீட்டில் மோதல் ஏது? விபத்தில் சிக்கியதா என்று மட்டும் கேளுங்கள், ஃபைபர் கிளாஸில் விரிசல் ஓடியிருக்கிறதா என்று பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள்.

அளவு விஷயத்தில் நான் அடிபட்டிருக்கிறேன். முதல் பக்கெட் சீட்டை (முதுகு சாயாத, ஒரே ஓடாக வார்த்த ரேஸ் சீட்) படத்தைப் பார்த்தே வாங்கினேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு தொடையும் கன்றிவிட்டது. விற்ற கடை திரும்ப எடுக்கவில்லை, பாதி விலைக்குக் கொடுத்தேன். சுவரை ஒட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, இடுப்பின் இரண்டு பக்கமும் தடித்த புத்தகம் ஒன்றை நெருக்கி வையுங்கள். இரண்டு புத்தகத்துக்கும் இடையே உள்ள தூரம்தான் உங்கள் அளவு. சீட்டின் உள் அகலம் அதைவிட 2, 3 செ.மீ. கூடுதலாக இருக்கட்டும். தலைக்குப் பக்கத்தில் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மாடல்கள் வேண்டாம், ஹெட்போன் இடிக்கும்.

பக்கெட் சீட்டைப் பெரும்பாலும் பக்கவாட்டில் எம்8 போல்ட் போட்டு மாட்டுவார்கள். போல்ட் நீளம் கூடினால் உள்ளே ஃபைபரைக் குத்தும். தாங்கியின் கனத்தைக் கணக்கிட்டு வாங்குங்கள்.

எனக்கு வயது 52. ஒரு மணி நேரம் ஆடினால் வலது கால் மரத்துப்போகிறது, முதுகின் அடியில் வலிக்கிறது. இன்னும் மெத்தென்ற சீட் வாங்க வேண்டுமா? (மதுரை)

வேண்டாம் ஐயா. பல சமயம் குறை பஞ்சில் இருக்காது, கோணத்தில்தான் இருக்கும். காசு செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். வழக்கம்போல உட்கார்ந்து, முழங்காலுக்குச் சற்று உள்ளே, தொடைக்கும் சீட்டுக்கும் நடுவில் உள்ளங்கையை நுழையுங்கள். கை போகவே இல்லை என்றால் சீட்டின் முன்விளிம்பு தொடையை நெரிக்கிறது, கால் மரப்பது அதனால்தான். சீட்டின் முன்பக்கத்தைக் கொஞ்சம் இறக்குங்கள், அல்லது பெடல் பலகையை உயர்த்துங்கள். மாறாக, ஒரு முஷ்டியே போகிறது என்றால் தொடைக்குத் தாங்கலே இல்லை, மொத்த எடையும் வால் எலும்பில் நிற்கிறது. அப்போது முன்பக்கத்தைத் தூக்க வேண்டும். பின்பக்கப் போல்டில் இரண்டு வாஷரைக் குறைப்பதும் முன்பக்கத்தில் சேர்ப்பதும் எவ்வளவு வித்தியாசம் தரும் என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

பிரேக்கை முழுவதும் மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். கால் நேராக நீண்டுவிட்டால் இடுப்பு சீட்டில் வழுக்கி முன்னால் வரும், அங்கேதான் முதுகுவலி ஆரம்பிக்கிறது. கைக்கு: தோள் இரண்டும் சீட்டில் ஒட்டியிருக்க, கையை நீட்டி வீலின் உச்சியில் மணிக்கட்டை வையுங்கள். எட்டவில்லை என்றால் வீலை அருகே கொண்டுவாருங்கள், நீங்கள் குனிந்து போகாதீர்கள். இடுப்பு வளைவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் அந்தக் கனத்துக்குத் திண்டு தைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் மாற்றிய பிறகும் வலி பின்தொடை வழியாகக் கீழே இறங்குகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

அண்ணை, எங்கட வீடு கடற்கரைக்குக் கிட்ட. வேர்வையும் உப்புக்காற்றும். எந்த உறை நல்லது? (யாழ்ப்பாணம்)

துணி உறைதான், தம்பி. ரெக்சின் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அரை மணி நேரத்தில் முதுகு நனைந்து ஒட்டிக்கொள்ளும், வெடிக்கவும் செய்யும். கழற்றித் துவைக்கும்படியான உறையாகப் பாருங்கள். இரும்புச் சட்டம் என்றால் வெல்டிங் செய்த இடங்களில் ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு பூச்சு. சீட் ரெயிலை மாதம் ஒருமுறை துடைத்து கிரீஸ் வையுங்கள். கடற்காற்று முதலில் பிடிப்பது ரெயிலைத்தான்.

அண்ணா, சட்டத்தை வெல்டிங் பட்டறையில் செய்யவா, அலுமினிய ப்ரொஃபைல் (பள்ளம் உள்ள, போல்ட் போட்டு இணைக்கும் சட்டக் கம்பி) வாங்கவா? (கோவை)

உங்கள் ஊரில் இரண்டுமே எளிது. கனமான பெடலும் டைரக்ட் டிரைவும் வரப்போகிறது என்றால் ப்ரொஃபைல். 40க்கு 80 மி.மீ. அளவில் அடிச்சட்டம் போட்டால் அசையாது, சீட்டை ஒரு விரல்கடை நகர்த்த ஆலன் கீ போதும். வெல்டிங் மலிவு. 40க்கு 40 மி.மீ. சதுரக் குழாய், 2 மி.மீ. கனம் என்று சொல்லுங்கள். ஆனால் வெல்டிங் அடித்த பிறகு அளவை மாற்ற முடியாது. ஆகவே முதலில் செங்கல்லும் பலகையும் அடுக்கி, அதில் சீட்டை வைத்து, உங்களுக்குச் சரியான உயரமும் கோணமும் கிடைக்கும்வரை இரண்டு நாள் ஆடிப் பாருங்கள். அப்புறம் அளவெடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். சீட் நிற்கும் தட்டில் வட்டத் துளை போடாமல் நீளத் துளை போடச் சொல்லுங்கள்.

அண்ணா, கணவரின் பிறந்தநாளுக்கு அவருக்குத் தெரியாமல் சீட் வாங்கித் தர ஆசை. எதை வாங்க? (திருநெல்வேலி)

நல்ல மனசும்மா. பக்கெட் சீட் மட்டும் வேண்டாம், உடம்பை அளக்காமல் அது பொருந்தாது. சாயும் வகை, முன்பின் நகரும் ரெயிலோடு வருவதாகப் பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் அதிகபட்ச எடை அவர் எடையைவிட 20 கிலோவாவது கூட இருக்கட்டும். இப்போது அவர் வைத்திருக்கும் வீலையும் பெடலையும் படம் எடுத்து அனுப்பினால் மாடலையே சொல்லிவிடுகிறேன்.

ஃபார்முலா கார் மாதிரி படுத்து ஓட்டும் நிலை வைக்கலாமா? (டொராண்டோ)

ஃபார்முலா கார்களே அதிகம் ஓட்டுகிறவர் என்றால் வையுங்கள். இடுப்புக்குச் சமமாகவோ மேலாகவோ குதிகால் வரும். பிரேக் விசை நேராக முதுகில் இறங்குவதால் ஓங்கி மிதிக்க வசதி. ஆனால் கெண்டைக்காலுக்குத் தாங்கல் கொடுக்க வேண்டும், கழுத்துக்குப் பின்னால் திண்டு வேண்டும், திரையையும் இறக்க வேண்டும். ராலி கார், லாரி, சாதாரண கார் என்று எல்லாமும் ஓட்டுகிறவருக்கு, சாதாரண காரில் போல நிமிர்ந்து உட்காரும் ஜிடி நிலைதான் சரி. இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளும் ரிக்குகளும் கிடைக்கின்றன. வாங்கினால், மாற்றும் இடத்தில் இருக்கும் போல்டுகளை ஒவ்வொரு முறையும் இறுக்கிவிட்டு உட்காருங்கள்.